டிஷ்ஷைத் திட்டுவது எளிது

மலையகப் பாடசாலை ஒன்றில் பெற்றோர் கூட்டம் நடந்தால், தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வருவதற்கு முன்பே அந்தக் கேள்வி வந்துவிடும்: "டிஷ்ஷுக்குக் காசிருக்கு, பிள்ளைக்குக் கொப்பி வாங்கக் காசில்லையா?" அதிபர் கேட்பார். கொழும்பிலிருந்து வந்த வளவாளர் அதையே கொஞ்சம் நாகரிகமாகக் கேட்பார். பரிசளிப்பு விழாவுக்கு வந்த பிரமுகர் கூட்டத்தைச் சிரிக்க வைத்துக் கேட்பார். ஞாயிறு பத்திரிகையின் பத்தியாளர் லயத்துக் கூரைகளில் வரிசையாக நிற்கும் டிஷ்களின் படத்தைப் போட்டு, இதுவா நம் முன்னேற்றம் என்று பெருமூச்சு விடுவார். இவர்களில் காரமாகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வெளியாட்கள் இல்லை. லயத்தில் பிறந்து, படித்து, அரச உத்தியோகம் பெற்று, ஹட்டன் பக்கமாகவோ கண்டிப் பக்கமாகவோ வீடு கட்டிக்கொண்ட நம்முடைய ஆட்கள்தான். அவர்கள் வீட்டிலும் டீவி இருக்கிறது. லயத்தில் இருப்பதைவிடப் பெரிதாகவே இருக்கும்.

அவர்கள் சொல்வதைச் சுருக்கினால் இப்படி வரும். தோட்டத்துப் பிள்ளை படிப்பில் பின்தங்குவது டீவியால். டீவி வீட்டுக்குள் வந்தது ஊதாரித்தனத்தால். பிள்ளை கண்டதையும் பார்ப்பது தாயின் பொறுப்பின்மையால். ஆகவே டீவியை நிறுத்தினால் பிள்ளை தேறிவிடும். இதில் ஒரு படிகூட உறுதியாக நிற்காது என்பது என் வாதம். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கேள்வி கேட்கப்பட வேண்டியவர்களை இந்தப் பேச்சு தப்பவிட்டு, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அரைநாள் பேரை இழந்து கூட்டத்துக்கு வந்தவளை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துத் திட்டுகிறது.

முதலில் டிஷ்ஷை எடுத்துக்கொள்வோம். இலங்கை ரூபவாஹினிக் கூட்டுத்தாபனம் 1982 பெப்ரவரி 15இல் ஜப்பானிய உதவியோடு ஒளிபரப்பைத் தொடங்கியது. நாடு முழுவதற்கும் படம் அனுப்ப ஆகவும் உயரமான இடம் தேவைப்பட்டது. 2,524 மீட்டர் உயரமான பீதுருதாலகால உச்சியைப் பிடித்தார்கள். அதன் சரிவில்தான் பீட்ரூ தோட்டம் இருக்கிறது. சுற்றிலும் நுவரெலியா, கந்தப்பளைத் தோட்டங்கள். இலங்கையின் தேசியத் தொலைக்காட்சி கொழுந்து பறிக்கிறவர்களின் தலைக்கு மேலே இருந்து ஒளிபரப்பானது. ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் பள்ளத்தாக்கில் இருந்தவர்களுக்குப் படம் ஒழுங்காகத் தெரியவில்லை. இதில் சதி ஒன்றும் இல்லை, பௌதிகம்தான். தொலைக்காட்சி அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். இடையில் ஒரு மலை குறுக்கே நின்றால் அதன் நிழலில் இருக்கிற லயத்துக்குப் புள்ளி புள்ளியாகத்தான் படம் விழும். மஸ்கெலியாவிலும் பொகவந்தலாவையிலும் தலவாக்கலையிலும் ஒருவர் கூரையில் ஏறி மூங்கிலில் கட்டிய அன்டெனாவைத் திருப்ப, கீழே இருந்து இன்னொருவர் "இப்பத் தெரியல... இப்பத் தெரியுது... அய்யோ போச்சு" என்று கத்திய காலத்தை அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

டிஷ் இந்தச் சிக்கலைத் தீர்த்தது. அது மலையைப் பார்க்கத் தேவையில்லை, வானத்தைப் பார்த்தால் போதும். வானம் மட்டும்தான் பள்ளத்தாக்குக்கும் மேட்டுக்கும் ஒரே மாதிரி கிடைக்கிற பொருள். ஆக, லயத்துக் கூரையில் டிஷ் நிற்பது ஆடம்பரத்தின் அடையாளம் இல்லை. நிலத்தில் நட்ட கோபுரம் நமக்குச் சரியாக எட்டவில்லை என்பதன் அடையாளம். கம்பஹாவில் சாதாரண அன்டெனாவில் பார்க்கிறவர் சிக்கனக்காரர், நோர்வூட்டில் டிஷ் போட்டவன் ஊதாரி என்று கணக்குப் போடுவது, சமவெளியில் நடக்கிறவன் மலையேறுகிறவனைப் பார்த்து ஏன் இப்படி மூச்சு வாங்குகிறாய் என்று கேட்பதைப் போன்றது.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. இலங்கையில் செயற்கைக்கோளில் இருந்து நேரடியாகத் தொலைக்காட்சி பார்த்த முதல் வீடு கொழும்பில், அறிவியல் கதாசிரியர் ஆர்தர் சி. கிளார்க்கின் வீடு. 1975இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் பொறியியலாளர்கள் வந்து அவருக்குப் பெரிய டிஷ் ஒன்றை நிறுவிக் கொடுத்தார்கள். அதில் வந்தது என்ன தெரியுமா? இந்தியாவின் ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்காக ஓராண்டு நடத்தப்பட்ட கல்வித் தொலைக்காட்சி. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் விவசாயிகளுக்கும் தாய்மாருக்கும் என்று ஒளிபரப்பானது. ஏழை நாட்டுக் குடிசைக்குத் தொலைக்காட்சி போனால் பிள்ளைக்கு நல்லது என்று நம்பித்தான் விஞ்ஞானிகள் அந்த வேலையைச் செய்தார்கள். கிளார்க் வீட்டு டிஷ்ஷைப் பார்த்து ஊதாரித்தனம் என்று யாரும் எழுதவில்லை. டிஷ் லயத்துக்கு வந்த பிறகுதான் அதற்கு ஒழுக்கக்கேடு பிடித்தது.

பணக் கணக்கையும் பார்த்துவிடலாம். தோட்டக் குடும்பம் டிஷ்ஷுக்குப் பெரும்பாலும் முற்பணம்தான் போடுகிறது. பத்தாம் திகதி சம்பளம் வந்தால் ரீலோட், மாதக் கடைசியில் திரையில் வெறும் எழுத்து. கூட்டத்தில் பேசுகிறவர்கள் இதை அறியாதவர்களா என்ன? கடைசி பஸ் இருட்டுவதற்கு முன்பே போய்விடுகிற தோட்டத்தில், வாசிகசாலையும் பூங்காவும் இல்லாத இடத்தில், நாள் முழுக்கக் குளிரிலும் அட்டைக்கடியிலும் நின்றவள் இரவில் ஒரு மணி நேரம் சிரிக்கவோ அழவோ கொடுக்கிற காசு அது. நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய்க்காக ஆண்டுக்கணக்கில் போராடி 2021இல்தான் அதைக் கண்ட மக்களுக்கு வீட்டுச் செலவில் எதைக் குறைக்க வேண்டும் என்று பாடம் எடுக்க, பேசுகிறவருக்குக் கொஞ்சம் கூச்சம் இருக்க வேண்டும்.

அடுத்தது படிப்பு. தோட்டத்துப் பிள்ளை பின்தங்குகிறது என்பது உண்மை. ஆனால் காரணத்தைத் தேடும்போது அறையில் ஒளிர்கிற பெட்டியில் மட்டும் ஏன் கண் போய் நிற்கிறது? 2016இல் நாடு முழுவதும் நடந்த குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் இலங்கை அளவில் சுமார் 17 வீதம். தோட்டத்துறையில் சுமார் 32 வீதம். தாயின் வயிற்றில் இருக்கும்போதே தொடங்கி இரண்டு வயதுக்குள் நடந்து முடிகிற சேதம் அது. பிள்ளைக்கு ரிமோட் பிடிக்கத் தெரிவதற்கு முன்பே நடந்து முடிகிறது. பிறகு பாடசாலை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே எழுபதுகளில்தான். அதற்கு முன் ஒரு மண்டபம், ஒரு வாத்தியார், எல்லா வகுப்பும் ஒன்றாக. அந்தத் தாமதத்தின் கடன் இன்னும் தீரவில்லை. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் இல்லாத பாடசாலையின் அதிபர், பிள்ளை தேறாததற்கு டீவிதான் காரணம் என்று சொல்லும்போது அவர் வாய் ஏதோ பேசுகிறது, மனது வேறெதையோ அறிந்திருக்கிறது.

டீவி வந்தால் படிப்பு கெடும் என்பது நிரூபிக்கப்பட்ட உண்மை மாதிரிப் பேசப்படுகிறது. ஆனால் அதைப் பரிசோதிக்க ஒரு நாட்டில் தற்செயலாக வாய்ப்புக் கிடைத்தது. அமெரிக்காவில் 1948இலிருந்து 1952 வரை புதிய தொலைக்காட்சி நிலையங்களுக்கு அனுமதி கொடுப்பதை நிறுத்தி வைத்தார்கள். அதனால் சில நகரங்களுக்கு டீவி முன்னதாகவும் சில நகரங்களுக்குப் பல ஆண்டு பிந்தியும் போனது. இந்த இடைவெளியை வைத்து மேத்யூ ஜென்ட்ஸ்கோ, ஜெஸ்ஸி ஷபீரோ என்ற இரு பொருளியலாளர்கள், சின்ன வயதில் டீவியோடு வளர்ந்த பிள்ளைகளையும் டீவி இல்லாமல் வளர்ந்த பிள்ளைகளையும் பின்னாளைய பரீட்சைப் புள்ளிகளில் ஒப்பிட்டு 2008இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். டீவி புள்ளியைக் குறைக்கவில்லை; சற்றுக் கூட்டியே இருந்தது. யாருக்கு அதிகம் கூட்டியது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைகளுக்கு, தாய் அதிகம் படிக்காத பிள்ளைகளுக்கு, வெள்ளையர் அல்லாத பிள்ளைகளுக்கு. வீட்டுக்குள் வேறு வழியாகச் சொற்களும் உலகமும் வராத பிள்ளைக்கு டீவி கொஞ்சம் கொண்டுவந்தது. வீட்டிலேயே நூலகம் உள்ள பிள்ளைக்கு அது பெரிதாக எதையும் தரவில்லை.

இன்னொன்று நம் மலைக்கு இன்னும் நெருக்கமானது. 1969 நவம்பரில் அமெரிக்காவில் 'செசமி ஸ்ட்ரீட்' தொடங்கியது. நகரத்து ஏழைப் பிள்ளைகள் பாடசாலைக்குப் போகும் முன் எழுத்தையும் எண்ணையும் கற்கட்டும் என்று திட்டமிட்டே செய்த நிகழ்ச்சி அது. சில ஊர்களில் அது தெளிவாகத் தெரிந்தது. சில ஊர்களில் அலைவரிசைச் சிக்கலால் சரியாகத் தெரியவில்லை. மெலிசா கியர்னி, பிலிப் லெவைன் என்ற ஆய்வாளர்கள் 2015இல் இதை எடுத்து அலசினார்கள். படம் நன்றாகத் தெரிந்த ஊர்களின் பிள்ளைகள் வயதுக்கேற்ற வகுப்பில் இருப்பது கூடியிருந்தது. ஆண் பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் பலன் கூடுதல். அன்டெனாவுக்குப் படம் எட்டியதா இல்லையா என்பதே ஒரு பிள்ளையின் வகுப்பைத் தீர்மானிப்பதில் பங்கெடுத்திருக்கிறது. மூங்கிலில் அன்டெனா கட்டிய மக்களுக்கு இது புரியாத செய்தியா?

அமெரிக்கப் பிள்ளைகளுக்கு ஆனது நம் பிள்ளைகளுக்கும் அப்படியே ஆகும் என்று நான் வாதாடவில்லை. அங்கே பலன் தந்தது பெட்டி இல்லை, பெட்டிக்குள் வந்தது. நம்முடைய சண்டையும் அங்கேதான் போய் நிற்க வேண்டும்.

அதற்கு முன் எதிர்த் தரப்புக்கு நியாயம் செய்ய வேண்டும், ஏனென்றால் அவர்கள் பயத்தில் உண்மை இருக்கிறது. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தை திரையில் இருந்து எதையும் பெரிதாகக் கற்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஒரு வயதுக் குழந்தைக்கும் திரையே வேண்டாம் என்றது; இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றது. யாரும் கவனிக்காமல் சும்மா ஓடிக்கொண்டிருக்கும் டீவி இன்னும் மோசம். 2008இல் வெளியான ஓர் ஆய்வில் ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகளை விளையாட்டுச் சாமான்களோடு விட்டுவிட்டு, பக்கத்தில் பெரியவர்களின் கேள்விபதில் நிகழ்ச்சி ஒன்றை ஓடவிட்டார்கள். குழந்தைகள் திரையை அவ்வப்போதுதான் எட்டிப் பார்த்தன. ஆனாலும் விளையாட்டு அறுந்து அறுந்து போனது. ஒரு சாமானோடு நிலைத்து விளையாடுகிற நேரம் குறைந்தது. ஆகவே யாரும் பார்க்காதபோது டீவியை அணையுங்கள் என்று ஒரு தாதி வீட்டுக்கு வந்து சொன்னால் நான் அவர் பக்கம். பிள்ளைக் காம்பராவுக்கு டீவி அன்பளிப்பாகக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிற நல்ல மனதுக்காரர்களையும் நான் எதிர்க்கிறேன். கைக்குழந்தைகள் இருக்கிற இடம் அது. அங்கே தேவை பேசுகிற, பாடுகிற, தூக்கி வைத்துக்கொள்கிற இன்னொரு ஆயம்மா. ஒருத்தி இத்தனை பிள்ளைகளைப் பார்க்கிற இடத்தில் டீவியைக் கொண்டுபோய் வைத்தால், அந்த இரண்டாவது ஆளை நியமிக்காமல் இருக்க அதுவே சாக்காகிவிடும்.

ஆனால் இந்த ஆலோசனைகள் எல்லாம் எந்த வீட்டை மனதில் வைத்துச் சொல்லப்படுகின்றன என்று பாருங்கள். பிள்ளையோடு கூட இருந்து பாருங்கள். நேரம் குறித்து வையுங்கள். படுக்கையறையில் டீவி வைக்காதீர்கள். வெளியில் விளையாட விடுங்கள். இதில் தெரிகிற வீட்டில் ஹோல் இருக்கிறது, படுக்கையறை தனியாக இருக்கிறது, முற்றம் இருக்கிறது, மாலை நான்கு மணிக்கு வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். லயத்தில் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய அறை பன்னிரண்டு அடிக்குப் பத்து அடி. ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் கிடைத்தவர்கள் இன்னும் சிறுபான்மைதான். மற்றவர்களுக்கு ஹோலும் படுக்கையறையும் அதே பன்னிரண்டுக்குப் பத்துதான். தாத்தாவுக்குச் செய்தி, மாமாவுக்குக் கிரிக்கெட், அம்மாவுக்கு சீரியல், மூன்று வயசுக்காரிக்கு எதுவோ அது. ஒரே பெட்டி, ஒரே அறை. "பிள்ளை சீரியல் பார்க்கிறது" என்கிறார்கள். பிள்ளை பார்க்கவில்லை, சீரியல் ஓடுகிற இடத்தில் அது குடியிருக்கிறது.

வெளியில் விடுங்கள் என்கிற ஆலோசனையும் நல்லதுதான், ஜனவரியில். ஹட்டன் பக்கம் தென்மேல் பருவமழை மே கடைசியில் பிடித்தால் செப்டெம்பர் வரை விடாது. வட்டவளை ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறுகிற இடம். லயத்து வாசலில் இருந்து இரண்டடி தள்ளினால் கான், அதற்கப்பால் சரிவு. குளவிக் கூடு கலைந்தால் பெரியவர்களே ஆஸ்பத்திரியில். மாலையானால் சிறுத்தை தேயிலைக்குள் நடமாடுகிற தோட்டங்கள் உண்டு. இந்த ஆலோசனையைக் கேட்டுவிட்டு வந்த தாய்மாரிடம் பேசிப் பாருங்கள். "டீவியப் போட்டு விட்டாத்தான் சார் அது ஒரு எடத்துல ஒக்காரும். இல்லாட்டி குசினிக்குள்ள நெருப்புக்கிட்டப் போயிரும்." இதைப் பொறுப்பின்மை என்கிறீர்களா? கையில் இருக்கிற ஒரே வேலியைப் பிள்ளையைச் சுற்றிப் போடுகிறாள் அவள்.

பிரச்சினை எந்த நேரத்தில் நடக்கிறது என்பதையும் திட்டுகிறவர்கள் தவறாகப் பிடித்திருக்கிறார்கள். இரவு ஏழரை மணி சீரியலைத்தான் எல்லாரும் வைகிறார்கள். உண்மையான ஓட்டை பகலில் இருக்கிறது. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் பாடசாலை மதியத்தோடு முடிகிறது. அம்மா கடைசிக் கொழுந்தை நிறுத்துவிட்டு, விறகும் தூக்கிக்கொண்டு வர ஐந்து மணியாகும். இடையில் உள்ள மூன்று, நான்கு மணி நேரம் ஆறு வயதுக்காரன் கையில் ரிமோட். பக்கத்தில் மூன்று வயதுத் தங்கச்சி. கண் சரியாகத் தெரியாத அப்பாயி ஒருத்தி இருந்தால் உண்டு. அந்த நேரத்தில் தமிழில் என்ன ஓடுகிறது என்று ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள். முந்திய இரவு சீரியலின் மறுஒளிபரப்பு. மருமகளின் பாலில் மருந்து கலக்கிற மாமியார் இரண்டாவது தடவையாகக் கலக்குகிறாள். அல்லது பழைய படம். வில்லன் கதாநாயகியின் கையைப் பிடித்து இழுக்கிற இடம் சரியாகப் பாடசாலை விட்டு வருகிற நேரத்துக்கு வரும். நிகழ்ச்சி நிரலைப் போடுகிறவர்கள் பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று யோசித்ததே இல்லை. யோசித்திருந்தால், 'இல்லத்தரசிகள்' என்று விளம்பரக் கொம்பனி சொன்னதை நம்பியிருப்பார்கள். மலையகத்தில் பகலில் வீட்டில் இல்லத்தரசி இல்லை. அவள் மலையில் நிற்கிறாள்.

"அதுக்குத்தான் சிறுவர் சனல் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. சன் குழுமம் 2007 ஏப்ரலில் சுட்டி டிவியைத் தொடங்கியது. டோராவும் ஜாக்கி சானும் தமிழ் பேசினார்கள். ஒரு தலைமுறை அதில் சிரித்து வளர்ந்தது. டோரா திரையில் இருந்து கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பாள், பிள்ளை கத்திப் பதில் சொல்லும். நல்ல நிகழ்ச்சி அது. ஆனால் மூன்று வயதுக்காரியையும் பதின்மூன்று வயதுக்காரனையும் ஒரே சனலில் அடைத்தால் பெரும்பகுதி நேரம் பெரியவனுக்கே போகும். அடிதடிக் கார்ட்டூன் மலிவாகவும் கிடைக்கும். அது தமிழ்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டதும்கூட. சென்னை வியாபாரி நம் பிள்ளைக்காக யோசிக்கவில்லை என்று கோபிக்க நமக்கு உரிமை இல்லை. நாம் அவருக்கு வரி கட்டவில்லை. 'சூப்பர் சிங்கர் ஜூனியர்' வகை நிகழ்ச்சிகளைச் சிறுவர் நிகழ்ச்சி என்று சிலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை பெரியவர்களின் காதல் பாட்டைப் பாடி, நடுவர் முன்னால் அழுது, வெளியேற்றப்படுவதைப் பெரியவர்கள் பார்த்து ரசிக்கிற நிகழ்ச்சி அது. அதில் சிறுவர் இருக்கிறார்கள், சிறுவருக்கு என்று ஒன்றும் இல்லை.

தொலைபேசியைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. லயத்து டீவியில் ஓடுகிறதை அறையில் இருக்கிற நாலு பேரும் பார்க்கிறார்கள். ஏதாவது கோணலாக வந்தால் அப்பாயியாவது "அத மாத்துடா" என்பாள். போனில் ஓடுகிறதை அந்தப் பிள்ளை மட்டும்தான் பார்க்கிறது. அடுத்தது என்ன என்பதைக் கணினி தீர்மானிக்கிறது. டேட்டா வேறு தீர்ந்துபோகும்.

இப்போது வரி கட்டுகிற இடத்துக்கு வருவோம். ரூபவாஹினி சிங்களப் பிள்ளைகளுக்கு என்ன செய்தது என்பதை நம்மில் பலர் நேரில் அனுபவித்திருக்கிறோம். டைட்டஸ் தொட்டவத்த என்ற திரைப்படக் கலைஞர் அங்கே மொழிமாற்றுப் பிரிவை உருவாக்கினார். டாக்டர் டூலிட்டில் 'தொஸ்தர ஹொந்த ஹித' என்று சிங்களம் பேசினார். வெளிநாட்டுக் கார்ட்டூனைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், சிங்களப் பழமொழியும் பாட்டும் கேலியும் கலந்து, கம்பஹாவிலும் மாத்தறையிலும் பிறந்த மிருகங்கள் மாதிரி அவற்றைப் பேச வைத்தார். அவர் 2011இல் மறைந்தபோது நடுவயதுக்காரர்கள் தங்கள் பிள்ளைப்பருவத்தையே நினைத்து அழுதார்கள். லயத்துப் பிள்ளைகளும் அதைப் பார்த்தன. நம் ஆட்கள் பலர் சிங்களம் பழகியதில் அந்தக் கார்ட்டூன்களுக்குப் பங்குண்டு. அதில் எனக்கு வருத்தம் இல்லை, சந்தோஷம்தான். ஆனால் அதே நிறுவனத்தில், அதே பொதுப்பணத்தில், தமிழ்ப் பிள்ளைக்காக அப்படியொரு பிரிவும் அப்படியொரு பரம்பரையும் உருவாகவில்லை. இலங்கை வானொலி அந்தக் காலத்தில் 'சிறுவர் மலர்' நடத்தியது, பி. எச். அப்துல் ஹமீதைப் போன்றவர்கள் சின்னப் பையனாக ஒலிவாங்கி முன் நின்றது அதில்தான். தொலைக்காட்சி வந்ததும் அந்த நூல் அறுந்தது.

நிலையம் கட்ட உதவிய ஜப்பானில் 1959இலிருந்து பாடசாலைக்குப் போகாத சின்னக் குழந்தைகளுக்காகத் தாயோடு சேர்ந்து பார்க்கும் நிகழ்ச்சி ஒன்று பொதுத் தொலைக்காட்சியில் நாள்தோறும் வருகிறது; இன்றுவரை நிற்கவில்லை. கருவிகளை இறக்கிக்கொண்ட நாம் அந்த வழக்கத்தை இறக்குமதி செய்யவில்லை.

இன்று தமிழுக்கென்று அரச தரப்பில் ரூபவாஹினியின் நேத்ராவும், ஐ.டி.என். 2009இல் தொடங்கிய வசந்தமும் இருக்கின்றன. இவற்றில் மலையகம் எப்போது தெரிகிறது? சம்பளப் பேச்சு முறிந்தால் தெரிகிறது. மண்சரிவில் தெரிகிறது. தீபாவளி முற்பணத்துக்காகத் தெரிகிறது. தீபாவளியன்று தலைவர்களின் வாழ்த்தில் தெரிகிறது. மலையகப் பிள்ளை ஒன்று முகாமில் பாய்மேல் உட்கார்ந்திருக்கும், அல்லது அமைச்சருக்கு மாலை போடும். தன்னைப் போல ஒரு பிள்ளை, தன் வீட்டுத் தமிழில், கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்தில் நின்று ஒரு பூச்சியைப் பற்றிக் கேள்வி கேட்பதை அது திரையில் பார்த்ததே இல்லை. இதற்குச் சரக்கு இல்லையா? சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்த தோட்டத்துப் பாட்டுகள் இருக்கின்றன. காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் இருக்கின்றன, தாலாட்டுகள் இருக்கின்றன. நம் பல்கலைக்கழகங்களிலும் கல்வியியற் கல்லூரிகளிலும் முன்பள்ளி பற்றிப் படித்த மலையகப் பெண்கள் இருக்கிறார்கள்.

காசு இல்லை என்பார்கள். பகல் மூன்று மணி விளம்பரம் குறைந்த நேரம். மறுஒளிபரப்பை நீக்கி அரைமணி கொடுத்தால் வருமானத்தில் பள்ளம் விழாது. செய்து பழக்கமில்லை என்பார்கள். 2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடியபோது கல்வி அமைச்சு 'குருகெதர' என்று பாடங்களை ஒளிபரப்பவில்லையா? நேத்ராவில் தமிழ் ஆசிரியர்கள் வந்து பாடம் நடத்தவில்லையா? அவசரத்தில், கரும்பலகையும் ஒரு கமராவும் வைத்துச் செய்தார்கள். அழகாக இல்லை, ஆனாலும் வந்தது. தமிழ்நாடு 2019இலேயே கல்வித் தொலைக்காட்சி என்று முழுச் சனலே தொடங்கிவிட்டது. இரண்டும் பாடசாலைப் பாடங்களுக்கு. பாடசாலைக்குப் போவதற்கு முன்னான மூன்று, நான்கு, ஐந்து வயதுக்கு இன்னும் யாரும் கை வைக்கவில்லை. செசமி ஸ்ட்ரீட் ஆய்வு பலன் கண்டது அந்த வயதில்தான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. வாரநாட்களில் பகல் இரண்டரைக்கும் ஐந்துக்கும் இடையில் அரைமணி. மூன்று முதல் ஆறு வயதுக்கு. அதையே மாலை ஆறு மணிக்கு மறுபடியும், அம்மாவும் கூட உட்கார்ந்து பார்க்கலாம் என்பதற்காக. வேகமாக வெட்டாத படம், நிறுத்தி நிறுத்திப் பேசுகிற மனிதர், ஒரு பாட்டு, ஒரு கதை, தினமும் ஒரே நேரம். மலையகத்திலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் புத்தளத்திலும் பேசுகிற தமிழ் மாறி மாறி வரட்டும். பிள்ளைகள் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டுப் பழகட்டும். அந்த நேரத்தில் நொறுக்குத்தீனி விளம்பரம் வேண்டாம்.

இது தாய்மாரைத் திட்டுவதால் வராது. அதிபர்களுக்கும் ஆசிரியர் சங்கங்களுக்கும் நம் தலைவர்களுக்கும் கையில் ஒரு கருவி இருக்கிறது: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். ரூபவாஹினியும் ஐ.டி.என்.னும் அரச நிறுவனங்கள். கேட்டால் 14 வேலைநாட்களுக்குள் தருகிறோம் அல்லது மறுக்கிறோம் என்ற முடிவைச் சொல்லியாக வேண்டும். கடிதம் தமிழிலேயே எழுதலாம். கடந்த ஐந்து ஆண்டுகளில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்காகத் தமிழில் தயாரித்த நிகழ்ச்சிகள் எத்தனை மணி நேரம்? அதற்குச் செலவழித்தது எவ்வளவு? சிங்களத்தில் எத்தனை மணி, எவ்வளவு? அந்த நிகழ்ச்சிகள் ஒளிபரப்பான நேரம் என்ன? நாலு கேள்விதான், ஒரு பக்கத்தில் அடங்கும். பதில் வந்ததும் அதைத் தோட்டத்துக் கோயில் சுவரிலும் பாடசாலை அறிவித்தல் பலகையிலும் ஒட்டட்டும்.